கல்லறைக் கல்லிலிருந்து ஞானஸ்நானப் பதிவேடு வரை: கிறிஸ்தவ ஊர்களில் குடும்ப வரலாறு தேடும் முறை

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் பூர்வீகம் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கல்லறைத் தோட்டம், கோயில் பதிவேடுகள், வாக்காளர் பட்டியல் ஆகியவற்றைச் சரியான வரிசையில் பார்த்தால் நான்கைந்து தலைமுறை பின்னால் போகலாம். வரிசை மாறினால் அலைச்சல்தான் மிச்சம். மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

புதிதாகத் தேட வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். தாத்தாவின் பெயர் பொறித்த ஒரு கல்லைப் பார்த்ததும் "இதுதான் நம்ம தாத்தா" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். நம்மிடம் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்துதான். போதாக்குறைக்குப் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்போம். ஞானமுத்து மகன் தேவசகாயம், தேவசகாயம் மகன் ஞானமுத்து, அவர் மகன் மறுபடியும் தேவசகாயம். தேவசகாயம், தேவதாஸ், தேவராஜ் என்று அண்ணன் தம்பி மூவரும் இப்படியே வைத்தால் ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே இனிஷியலோடு மூன்று தே. ஞானமுத்துகள் இருப்பார்கள்.

ஆகவே இந்த விதியை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது ஆகிய நான்கில் குறைந்தது மூன்று பொருந்த வேண்டும். அதுவும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்படாத இரண்டு இடங்களில் பொருந்த வேண்டும். அதுவரை அந்த ஆளைக் குடும்ப மரத்தில் பென்சிலால் மட்டும் எழுதுங்கள்.

1. வீட்டில் தொடங்குங்கள்

கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் ஆசையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வீட்டில் இருப்பதை முடிக்காமல் போனால் எந்தக் கல்லைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் நிற்க நேரும்.

முதலில் பழைய குடும்ப வேதாகமத்தை எடுங்கள். முன்பக்கத்து வெற்றுத்தாளிலோ கடைசி அட்டையிலோ பிறப்பும் இறப்பும் எழுதி வைப்பது பல வீடுகளில் வழக்கம். எல்லாத் தேதியும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால் யாரோ பின்னாளில் நினைவிலிருந்து எழுதியது. மையும் கையும் மாறி மாறி வந்தால் அவ்வப்போது எழுதியது, அதற்கு மதிப்பு அதிகம்.

அடுத்து ஞானஸ்நானச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, நினைவு ஆராதனை அட்டை, பள்ளி டி.சி., நிலப் பத்திரம். பத்திரத்தில் "இன்னார் மகன் இன்னார்" என்று தகப்பன் பெயரும் ஊரும் கட்டாயம் இருக்கும். சொத்து மூலப்பத்திரம் என்றால் இரண்டு, மூன்று தலைமுறை ஒரே தாளில் வந்துவிடும். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். பள்ளியில் சேர்ப்பதற்காக ஆசிரியரே மே, ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டுவிடுவது சாதாரணமாக நடந்தது.

அப்புறம் வீட்டுப் பெரியவர்கள், குறிப்பாக ஆச்சிமார். கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் சாவுக்கும் வீடு வீடாகப் போய் வந்தவர்கள் அவர்கள். உறவு முறை அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. "தனுஷ்கோடி புயலுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேளுங்கள், 1964 டிசம்பருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்துவிடும். காமராசர் முதலமைச்சரானது (1954), கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது (1956), 1967 தேர்தல் எல்லாம் இப்படி உதவும்.

ஒவ்வொருவருக்கும் வீட்டுப்பெயரையும் பட்டப்பெயரையும் கேட்டு எழுதுங்கள். உபதேசியார் வீடு, சிலோன்காரர் வீடு, இன்ன விளைக்காரர் என்று ஊரில் சொல்வார்கள். பின்னால் மூன்று ஞானமுத்துகளைப் பிரிக்கும்போது இந்தப் பெயர்தான் கைகொடுக்கும்.

2. பதிவேடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

இதை விட்டுவிட்டுத்தான் பலர் அலைகிறார்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஊரில் கோயில் இருக்கும், பதிவேடு அங்கே இருக்காது. பல சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். பதிவேடு இருப்பது குருவானவர் தங்கியிருக்கும் சேகரத் தலைமையிடத்தில். கத்தோலிக்கர்களுக்கும் இப்படித்தான்: கிளைப்பங்கின் பதிவுகள் தலைமைப் பங்கில் இருக்கும்.

இன்னொரு சிக்கல், சேகரமும் பங்கும் காலப்போக்கில் பிரிந்துகொண்டே வந்திருக்கின்றன. இன்று உங்கள் ஊர் தனிச் சேகரமாக இருக்கலாம். 1920-இல் பக்கத்து ஊரின் கீழ் இருந்திருக்கலாம். பிரிந்தபோது பழைய புத்தகம் தாய்ச் சேகரத்திலேயே தங்கிவிடும். "எங்க ஊர் எப்போ தனிச் சேகரம் ஆச்சு, அதுக்கு முன்னாடி எதுல இருந்துச்சு?" என்பதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும்.

மேல் அமைப்பும் மாறியிருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது. அதற்கு முன் திருநெல்வேலிப் பகுதியில் மெஞ்ஞானபுரம் சி.எம்.எஸ். மிஷனெரிச் சங்கத்தின் கீழ், நாசரேத், இடையன்குடி, முதலூர், சாயர்புரம் எஸ்.பி.ஜி. சங்கத்தின் கீழ். நாகர்கோவில், நெய்யூர், மார்த்தாண்டம் பக்கம் எல்.எம்.எஸ். சங்கம். தூத்துக்குடி-நாசரேத் தனித் திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழ் வரும் பகுதி) ஆனது 2003-இல்தான். கத்தோலிக்கத்தில் தூத்துக்குடி மறைமாவட்டம் 1923-இலும், கோட்டாறு 1930-இலும், பாளையங்கோட்டை 1973-இலும் வந்தன. கோட்டாறு அதற்கு முன் கொல்லம் மறைமாவட்டத்தில் இருந்தது.

ஆவணங்களும் இதே பிரிவுப்படிதான் போயிருக்கின்றன. மிஷனெரிகள் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் சி.எம்.எஸ். என்றால் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், எல்.எம்.எஸ். என்றால் லண்டன் சோயாஸ் கல்லூரி நூலகத்தில், எஸ்.பி.ஜி. என்றால் ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்தில் உள்ளன. உபதேசியார், வாத்தியார் என்று மிஷன் வேலையில் இருந்த முன்னோர் உண்டென்றால் மட்டும் பின்னால் அங்கே தேடலாம். மற்றவர்களுக்கு உள்ளூர்ப் புத்தகமே போதும்.

3. கல்லறைத் தோட்டத்துக்குப் போகுமுன்

குருவானவரிடமோ பங்குத்தந்தையிடமோ முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு வெளியாள் கல்லறைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் ஊருக்குச் சந்தேகம் வரும். இடத் தகராறு நடக்கும் ஊர் என்றால் கேட்கவே வேண்டாம்.

கல்லறைத் தோட்டம் ஒன்றுதானா என்றும் கேளுங்கள். பழையது, புதியது என்று இரண்டு இருக்கும். சில ஊர்களில் சாதிவாரியாகத் தனித்தனி இடமோ நடுவில் மதிலோ இருக்கிறது. கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பாதியை மட்டும் பார்த்துவிட்டு "இங்கே இல்லை" என்று திரும்பிவிடுவீர்கள்.

போக நல்ல நேரம் நவம்பர் முதல் வாரம். நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அதற்கு முந்திய நாட்களில் புல் செதுக்கி, வெள்ளையடித்து வைத்திருப்பார்கள். அன்று மாலை எந்தக் கல்லறையில் யார் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள் என்று பார்த்தாலே போதும். பெயர் அழிந்த ஒரு மேட்டைச் சுற்றி ஒரு குடும்பம் நின்றால் அது யாருடையது என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். தெரியாத பங்காளி வீட்டாரை நீங்கள் முதன்முதலில் சந்திக்கும் இடமாகவும் அது இருக்கக்கூடும்.

கொண்டுபோக வேண்டியவை: சார்ஜ் நிறைந்த போன், ஒரு முகக் கண்ணாடி, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், மென்மையான பெயின்ட் பிரஷ், நோட்டு, பென்சில், அளவு காட்ட ஒரு ஸ்கேல். பாம்பு, முள் உள்ள இடம் என்பதால் மூடிய செருப்பு நல்லது.

4. கல்லைப் படிப்பது

எழுத்துத் தெரியவில்லை என்றதும் சுரண்டத் தோன்றும். செய்யாதீர்கள். கம்பி பிரஷ், ஆசிட், சோப்புத்தூள் எதுவும் வேண்டாம். எழுத்தில் சுண்ணாம்போ சாக்பீஸ் தூளோ தேய்ப்பதும் கூடாது. சுண்ணாம்புக் காரையில் கீறிய எழுத்து ஒரு முறை உதிர்ந்தால் முடிந்தது. கருங்கல் தாங்கும் என்றாலும் நீங்கள் தேய்த்து எடுப்பது எழுத்தின் விளிம்பைத்தான்.

வெளிச்சத்தைப் பயன்படுத்துங்கள். உச்சிவெயிலில் பள்ளமும் மேடும் ஒன்றாகத் தெரியும். காலை ஏழு எட்டு மணிக்கும் மாலை ஐந்துக்கு மேலும் வெயில் சாய்ந்து விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து துலங்கும். கல் நிழலில் இருந்தால் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிப் பக்கவாட்டிலிருந்து கல்லின் மேல் வழிய விடுங்கள். கருங்கல்லில் லேசாகத் தண்ணீர் தெளித்து விட்டால், மேற்பரப்பு காய்ந்த பின்னும் எழுத்துப் பள்ளம் ஈரமாக இருக்கும். அந்தச் சில நிமிடங்களில் படம் எடுத்துவிட வேண்டும்.

ஆண்டுதோறும் அடித்த வெள்ளைப்பூச்சு எழுத்துப் பள்ளத்தை நிரப்பியிருந்தால் விரல்நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குப் பிடிபடாத வளைவு விரலுக்குப் பிடிபடும். கறுப்பு பெயின்டால் எழுத்தின் மேலேயே மறுபடி எழுதியிருந்தால் எச்சரிக்கை: பெயின்டர் தனக்குத் தெரிந்தபடி எழுதியிருப்பார். பெயின்டுக்குக் கீழே உள்ள பள்ளத்தைப் பாருங்கள்.

பழைய கல்லில் தமிழ் எண்கள் வரும். இதில்தான் அதிகம் பேர் தவறாகப் படிக்கிறார்கள். ௧ 'க' போலவும், ௨ 'உ' போலவும், ௪ 'ச' போலவும், ௫ 'ரு' போலவும், ௬ 'சு' போலவும், ௭ 'எ' போலவும், ௮ 'அ' போலவும் இருக்கும். ஆண்டை இரண்டு விதமாக எழுதினார்கள். ௧௮௯௬ என்றாலும் ௲௮௱௯௰௬ என்றாலும் 1896தான்; இரண்டாவதில் ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. பக்கத்தில் ௵ இருந்தால் வருடம், ௴ மாதம், ௳ நாள். "ஏதோ பெயரின் முதலெழுத்துகள்" என்று தாண்டிப் போகும் இடத்தில் இறந்த தேதி இருக்கும்.

எழுத்திலும் கவனம் வேண்டும். சில கல்தச்சர்கள் புள்ளி வைக்க மாட்டார்கள். எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு காட்ட மாட்டார்கள். காலும் 'ர'வும் ஒன்றாக இருக்கும். 'தெவசகாயம' என்று கண்டால் தேவசகாயம் என்று நோட்டில் திருத்தி எழுதிவிடாதீர்கள். கல்லில் உள்ளபடியே ஒரு வரியும், நீங்கள் படித்த விதம் அடுத்த வரியுமாக எழுதுங்கள். பிற்பாடு உங்கள் ஊகம் தவறென்று தெரிந்தால் திரும்பிப் போக மூலம் வேண்டும்.

படம் எடுப்பது நான்கு விதமாக: முழுக் கல்லறை, எழுத்துப் பகுதி மட்டும், கல்லின் பின்பக்கம், இருபக்கத்துக் கல்லறைகளோடு சேர்த்து ஒன்று. கடைசிப் படம் முக்கியம். குடும்பங்கள் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் புதைக்கப்பட்டிருக்கும். அடுத்த கல்லின் பெயர் இன்று அந்நியமாகத் தெரியும். பதிவேடு பார்த்த பிறகு அது உங்கள் பாட்டியின் தங்கை என்று தெரியவரும்.

கல் சொல்வதற்கும் எல்லை உண்டு. அது பெரும்பாலும் பிள்ளைகளுக்குக் கையில் காசு சேர்ந்த பிறகு, பல வருடம் கழித்து வைத்தது. இறந்த தேதி ஓரளவு சரியாக இருக்கும். "மண்ணில்" என்று போட்ட பிறந்த தேதி கேள்விப்பட்டதாக இருக்கும். கொழும்பிலோ சென்னையிலோ அடக்கமானவருக்கு ஊரில் நினைவுக்கல் மட்டும் வைத்திருப்பதும் உண்டு. கல்லே இல்லாததற்கும் எந்த அர்த்தமும் இல்லை. வசதியில்லாதவர்களுக்கு மண்மேடும் மரச்சிலுவையும்தான், சில வருடத்தில் அதே இடத்தில் வேறொருவர்.

5. தேதிகளை ஒரே கணக்குக்குக் கொண்டுவருவது

கன்னியாகுமரிப் பக்கமும் நெல்லையின் தெற்கு எல்லையிலும் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) வரும். ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் முடியும் தேதிகளுக்கு 824-ஐயும், ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை 825-ஐயும் கூட்டுங்கள். கொல்லம் 1074 சித்திரை என்றால் 1899 ஏப்ரல்-மே.

தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் அது அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பும். தாது வருடம் 1876-77, அடுத்தது 1936-37. எது என்பதை ஆளின் வயதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

6. பதிவேடுகள்: இறப்பிலிருந்து பிறப்புக்கு

வரிசை இது: அடக்கம், திருமணம், ஞானஸ்நானம். பின்னாலிருந்து முன்னால். ஞானஸ்நானப் பதிவேட்டில் முதலில் தேடினால் ஒரே பெயரில் பத்துக் குழந்தைகள் வரும். அவர்களில் யார் பிழைத்து வளர்ந்தார்கள் என்று அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது.

புத்தகத்தைப் பார்க்க எழுத்தில் அனுமதி கேளுங்கள். "எங்கள் குடும்ப வரலாறு வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் எந்தக் குருவானவருக்கும் நேரம் இருக்காது. "இன்னார், தகப்பன் பெயர் இன்னது, 1931-க்கும் 1936-க்கும் இடையில் அடக்கம்" என்று ஐந்து வருட வரம்போடு கேட்டால் உபதேசியாரோ அலுவலகத்தில் இருப்பவரோ எடுத்துப் பார்ப்பார். தேடும் கட்டணம் இருந்தால் கட்டுங்கள். கரையான் அரித்த தாளை நீங்களாகப் புரட்டாமல் அவரையே புரட்டச் சொல்லுங்கள்.

சான்றிதழ் வாங்குவதோடு நின்றுவிடாதீர்கள். அச்சடித்த படிவத்தில் சில கட்டங்கள்தான் இருக்கும்; மூல வரியில் உள்ள ஞானப்பெற்றோர், தொழில், ஓரக் குறிப்பு எல்லாம் விட்டுப்போகும். மூல வரியைப் படம் எடுக்கவோ முழுசாகக் கையால் எழுதிக்கொள்ளவோ அனுமதி கேளுங்கள்.

*அடக்கப் பதிவேடு.* இதில் இருப்பது அடக்கம் நடந்த தேதி. இறப்பு அன்றோ முந்திய நாளோ. வயது 60, 65, 70 என்று முழுசாக வந்தால் உத்தேசம் என்று கொண்டு, ஐந்து வருடம் இப்படி அப்படி விடுங்கள். கல்லும் புத்தகமும் முரண்பட்டால் தேதிக்குப் புத்தகத்தை எடுங்கள், உறவுக்கு இரண்டையும் பாருங்கள்.

*திருமணப் பதிவேடு.* எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் அருமையான ஆவணம். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் படிவத்தில் மணமக்கள் பெயர், வயது, தொழில், குடியிருந்த ஊர், இருவரின் தகப்பன் பெயர், ஓலை (கோயிலில் முன்கூட்டிச் சொல்லும் கல்யாண அறிவிப்பு) வாசித்ததா என்ற விவரம், சாட்சிகளின் கையெழுத்து எல்லாம் உண்டு. இரண்டு குடும்பங்கள் ஒரே வரியில். கொள்ளுப்பாட்டியின் தகப்பன் பெயரும் அவர் பிறந்த ஊரும் பல வீடுகளில் வேறு எங்குமே கிடைக்காது. சாட்சிகள் பெரும்பாலும் நெருங்கிய சொந்தக்காரர்கள். அவர்கள் பெயரையும் விடாமல் எழுதுங்கள்.

கல்யாணம் எந்த ஊரில் நடந்தது என்று தெரியாவிட்டால் பெண் ஊர், மாப்பிள்ளை ஊர் இரண்டிலும் பாருங்கள். ஓலை இரண்டு பக்கமும் வாசித்திருப்பார்கள் என்பதால் ஓலைப் புத்தகம் இருந்தால் அதுவும் வழிகாட்டும்.

*ஞானஸ்நானப் பதிவேடு.* தகப்பன் ஊரில் குழந்தையின் பெயர் இல்லை என்று கைவிடுவது அடுத்த பெரிய தவறு. தலைப்பிரசவம் தாய் வீட்டில். ஞானஸ்நானமும் பல நேரம் அங்கேயே. மூத்த பிள்ளையைத் தாயின் ஊர்ப் புத்தகத்தில் தேடுங்கள். தாயின் ஊர் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் திருமணப் பதிவேட்டை முதலில் பார்க்கச் சொன்னேன்.

கத்தோலிக்கப் புத்தகம் பழையது என்றால் லத்தீனில் இருக்கும். ஃபிலியுஸ் மகன், ஃபிலியா மகள், பத்ரினி ஞானப்பெற்றோர், செபுல்துஸ் புதைக்கப்பட்டவர். இவ்வளவு தெரிந்தால் சமாளிக்கலாம். பெயர்தான் சோதிக்கும். வீட்டில் ராயப்பன், புத்தகத்தில் பேத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேஃபுஸ், இன்னாசி இக்னாசியுஸ், யாகப்பன் யாக்கோபுஸ். இதை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள்.

அதே புத்தகத்தின் ஓரத்தையும் பாருங்கள். 1908 முதல், ஒருவர் வேறு எந்தப் பங்கில் திருமணம் செய்தாலும் அந்த விவரத்தை அவருடைய ஞானஸ்நான வரியின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்ற முறை வந்தது. பொடி எழுத்தில் உள்ள அந்த ஓரக் குறிப்பு, ஊரைவிட்டுப் போனவர் எங்கே போனார் என்று சொல்லிவிடும்.

7. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: எது கிடைக்கும், எது கிடைக்காது

ஆங்கிலத்தில் உள்ள வழிகாட்டிகளைப் படித்துவிட்டு "1921 சென்சஸ்ல எங்க வீட்டைக் காட்டுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் நூறு ஆண்டு கழித்து வீட்டுவாரித் தாள்களைத் திறந்துவிடுகிறார்கள். அவர்களின் 1921 கணக்கெடுப்பு 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இங்கே அப்படி இல்லை. இந்தியாவில் 1881 முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒரு முறை கணக்கெடுப்பு நடந்தாலும் ஆள்வாரி விவரம் பொதுப் பார்வைக்கு வராது. 1948-ஆம் ஆண்டின் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அதை வெளிப்படையாகவே தடுக்கிறது. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டாம்.

கிடைப்பது ஊர்வாரி எண்ணிக்கை. 1951 முதல் வந்த மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகளை இணையத்திலேயே பார்க்கலாம். ஊர் எந்தத் தாலுகாவில் இருந்தது, அன்று அதன் பெயரை எப்படி எழுதினார்கள் என்பதற்கு அவை உதவும்.

வீட்டுவாரி விவரத்துக்கு வேறு இரண்டு வழி. ஒன்று, கோயிலே எடுத்த கணக்கு. கத்தோலிக்கப் பங்குகள் குடும்பம் குடும்பமாக ஆன்ம நிலைப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்பது 1614-ஆம் ஆண்டின் ரோமைச் சடங்கு முறையிலேயே இருக்கிறது. சி.எஸ்.ஐ. சேகரங்களில் சபைக் குடும்பப் பதிவேடு, சந்தா நோட்டு. ஒரு வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று ஒரே பக்கத்தில் காட்டுபவை இவைதான். கேட்டால்தான் எடுப்பார்கள், ஏனென்றால் யாரும் கேட்பதில்லை.

மற்றது வாக்காளர் பட்டியல். வீட்டு எண், பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது, பாலினம் ஆகியவை வரிசையாக இருக்கும். 2025-இல் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக 2002, 2005 பட்டியல்கள் தமிழ்நாடு தேர்தல் துறைத் தளத்தில் போடப்பட்டன. 2002-இல் எண்பது வயது என்றால் 1920-களில் பிறந்தவர். அவரும் மகன், மருமகளும் ஒரே வீட்டு எண்ணில் வருவார்கள். வயதில் சில வருடம் கூடக்குறைய இருக்கும், உறவு பெரும்பாலும் சரியாக இருக்கும்.

8. ஒரே பெயர்க்காரர்களைப் பிரிப்பது

இதுவரை சேர்த்ததை மரமாக வரையாமல் முதலில் ஆளுக்கொரு தாள் போடுங்கள். ஞானமுத்து மூன்று பேர் என்று சந்தேகம் வந்தால் மூன்று தாள். ஒவ்வொரு பதிவையும் எந்தத் தாளில் சேர்ப்பது என்று காரணம் எழுதிச் சேருங்கள்.

மனைவி பெயர்தான் நல்ல பிரிகோடு. மூன்று ஞானமுத்துக்கும் மனைவி வேறு வேறு. அடுத்து வீட்டுப்பெயர், தொழில், ஞானப்பெற்றோர். பிறகு கணக்குப் போடுங்கள். தாய்க்கு 15 வயதுக்கு முன்போ 48-க்குப் பின்போ குழந்தை என்று வந்தால் இரண்டு பெண்களை ஒன்றாக்கிவிட்டீர்கள். தகப்பன் இறந்து ஒன்பது மாதம் கடந்து குழந்தை பிறந்திருந்தால் அது வேறு தகப்பன், அல்லது வேறு ஞானமுத்து. ஒரே பெற்றோருக்கு ஒரே பெயரில் இரண்டு குழந்தைகள் வந்தால் குழம்ப வேண்டாம்: முதல் குழந்தை இறந்திருக்கும், அடுத்ததற்கு அதே பெயரை வைத்திருப்பார்கள். அடக்கப் பதிவேட்டில் அந்தச் சிறு வரி இருக்கும்.

9. தடம் நின்றுபோனால்

பல குடும்பங்களுக்கு 1877, 1878-இல் தடம் நிற்கும். தாது வருடப் பஞ்சத்தின்போதும் அதைத் தொடர்ந்தும் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். அந்த வருடங்களின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெரியவர்களின் பெயர்களைத் தேடுங்கள். பழைய பெயரும் தகப்பனின் பெயரும் எழுதியிருந்தால் சுடலைமாடன், முத்துக்குட்டி, பேச்சிமுத்து என்று வரும். அதற்கு முன்னால் கோயில் புத்தகம் உதவாது. நிலப் பத்திரமும், சேராமல் நின்ற பங்காளிகளும்தான் வழி. அவர்கள் பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள். குடும்பம் எந்த ஊரிலிருந்து கிளம்பியது என்பதற்கு அந்தச் சாஸ்தா கோயில் ஒரு நல்ல தடயம்.

கன்னியாகுமரிக் குடும்பங்களுக்கு 1956-க்கு முந்திய அரசு ஆவணங்கள் திருவிதாங்கூருடையவை. பல பத்திரங்கள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்குக் குடியேறியவர்களுக்கு ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்று இணையதளத்தில் சென்னைத் திருமண்டல புரொட்டஸ்டன்ட் பதிவேடுகள் 1743 முதல் 1990 வரை தொகுப்பாக உள்ளன. ஆங்கிலத்தில் பெயரை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையிலும் தேடுங்கள்.

10. பகிர்வதற்கு முன்

பதிவேட்டில் தகப்பன் பெயர் இல்லாத குழந்தை, தத்து, சாதி, இரண்டாம் திருமணம் எல்லாம் இருக்கும். உயிரோடு இருப்பவரைத் தொடும் எதையும் அவரைக் கேட்காமல் குடும்ப வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். உங்களுக்கு அது ஒரு வரித் தகவல்; அவர்கள் வீட்டில் அது ஐம்பது வருடம் பேசாமல் வைத்திருந்த விஷயம்.

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் எங்கே பார்த்தது என்று எழுதுங்கள்: எந்தச் சேகரம், எந்தப் புத்தகம், எந்த ஆண்டு, எத்தனையாவது வரி. கல்லறை என்றால் வாசலிலிருந்து எத்தனையாவது வரிசை, எத்தனையாவது கல். எடுத்த படங்களின் ஒரு பிரதியையும் கல்லறைகளின் கையால் வரைந்த படத்தையும் சேகர அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்து வரும் வெள்ளையடிப்பில் இன்னும் சில எழுத்துகள் மூடும், அடுத்து தேடி வருபவருக்கு அந்தப் படம்தான் கல்.